தண்ணியில்லாக் காடும் ஒரு கோடி ரூபாய் சீட்டும்

நீட் ரிசல்ட் வந்துட்டா எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "டாக்டர், பையனுக்கு ராமநாதபுரம் கவர்மென்ட் காலேஜ்தான் கிடைக்கும் போல. அதுக்குக் கடனை உடனை வாங்கி சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலையில சேர்த்துரலாமா?"

வேணாம். ஏன்னு சொல்றேன், இழை கொஞ்சம் நீளம்.

வருஷா வருஷம் வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் சுத்தும். மேல எம்எம்சி, ஸ்டான்லி, நம்ம மதுரை. அடியில நாகப்பட்டினம், ராமநாதபுரம். எதை வச்சு இந்த வரிசைன்னு கேட்டா போட்டவருக்கே தெரியாது. பழசு மேல, புதுசு கீழ. நகரம் மேல, கடலோரம் கீழ. அவ்ளோதான் ஆராய்ச்சி.

ராம்நாடுன்னா தண்ணியில்லாக் காடு, பிடிக்காத ஆபீசரைத் தூக்கி அடிக்கிற ஊருன்னு கேட்டே வளர்ந்தவங்க நாம. அந்தப் பழைய இளக்காரம்தான் இப்போ சாய்ஸ் ஃபில்லிங்ல வந்து உக்காந்திருக்கு.

2022 ஜனவரி 12 அன்னிக்கு ஒரே நாள்ல 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தாங்க. 1,450 இடம். ராமநாதபுரம், நாகப்பட்டினம் ரெண்டும் அதுல வந்ததுதான். புதுசுதான், இல்லைங்கல. தூத்துக்குடி 2000ல வந்தது, கன்னியாகுமரி ஆசாரிப்பள்ளம் 2001ல. அப்போ அதையும் "புதுக் காலேஜ், வேணாம்"னு இதே மாதிரிதான் சொன்னாங்க. நானும் அப்படி ஒரு "வேணாம்" காலேஜ்ல படிச்சவன்தான்.

இன்னொண்ணு பல பேருக்குத் தெரியறதில்லை. எம்எம்சி பையனுக்கும் ராமநாதபுரம் பொண்ணுக்கும் பல்கலைக்கழகத் தேர்வு ஒண்ணுதான், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோட அதே கேள்வித்தாள், அதே பட்டம். நிகர்நிலைகள் கேள்வித்தாளைத் தாங்களே எடுத்து, தாங்களே திருத்தி, தாங்களே பட்டம் கொடுத்துக்கலாம். இதுல எது பாதுகாப்புன்னு நீங்களே சொல்லுங்க.

டாக்டரை உருவாக்குறது ஏசி லெக்சர் ஹால் இல்லைங்க, வார்டு. திருக்கை முள் குத்தி வர்ற மீனவருக்கு முதல்ல பொறுக்கிற சூட்டுத் தண்ணியில காலை முக்கி வைக்கணும், வலி இறங்கும். புத்தகத்துல அது ஒரு வரி. கடலோர ஆஸ்பத்திரியில படிக்கிறவன் கண்ணால பாக்கிறான். சங்கு குளிக்கப் போய் செவிப்பறை கிழிஞ்சு வர்றவங்க, அரளி விதை அரைச்சுக் குடிச்சுட்டு வர்ற பொண்ணுங்க. தரையில படுத்திருந்தவர் விடியக்காலையில "வயித்து வலி சார்"னு வருவார். கடிபட்ட தடமே இருக்காது, ஆனா கண் இமை சொருகும். கட்டுவிரியன். ஒரு தடவை பாத்த ஹவுஸ் சர்ஜன் சாகுற வரைக்கும் மறக்க மாட்டான்.

ஊர் சின்னதுன்னா வேலையும் சின்னதுன்னு யார் சொன்னா? மகாராஷ்டிராவுல கொங்கண் பக்கம் மகாட்ல ஹிம்மத்ராவ் பாவஸ்கர்னு ஒருத்தர். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்துக்கிட்டு, தேள்கடிக்கு ப்ராசோசின் மாத்திரை உயிரைக் காப்பாத்தும்னு கண்டுபிடிச்சு லான்செட்ல எழுதினார். 2022ல பத்மஸ்ரீ.

சரி, காசுக்கு வருவோம். வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுற நிகர்நிலைகள் நிறைய. நாலரை வருஷத்துக்கு, ஹாஸ்டல் சேர்த்தா, ஒரு கோடி. 10 சதவீத வட்டின்னு வச்சுக்கோங்க, வட்டி மட்டுமே மாசம் 83,000 ரூபாய். எம்ஆர்பி எழுதி உதவி மருத்துவரா சேர்ந்தா தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. படிகளைச் சேர்த்தாலும் வட்டி கட்டவே மூச்சு முட்டும், அசல் எங்க அடைக்கிறது? வித்தது ஊர்ல இருக்கிற ஒரே நிலமா இருந்தா?

அதிகக் கட்டணம்னா தரமும் அதிகம்னு நம்புறவங்க சிதம்பரத்தைப் பாக்கணும். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல வாங்கினாங்க, அதுவும் பல்கலைக்கழக நிர்வாகத்தை 2013லயே அரசு எடுத்துக்கிட்ட பிறகு. 2020 டிசம்பர்ல மாணவர்கள் உக்காந்தாங்க, 50 நாள் போராட்டம். 2021ல சுகாதாரத்துறைக்கு மாத்தினாங்க. இப்போ அது கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி. அதே கட்டடம், அதே வார்டு. கட்டணம்தான் இறங்குச்சு. அப்போ இத்தனை வருஷம் வாங்கின அந்த லட்சங்கள் எதுக்குங்க?

எல்லாத் தனியாரும் மோசம்னு சொல்லலை. சிஎம்சி வேலூர் கணக்கே வேற, அங்க ஓபில நிக்க இடம் கிடைக்காது. ஆனா 2025ல சிபிஐ போட்ட வழக்கைத் தேடிப் படிங்க. மருத்துவக் கல்லூரி ஆய்வுக்காக லஞ்சம், போலிப் பேராசிரியர்கள், போலி நோயாளிகள்னு குற்றச்சாட்டு. படுக்கையில உண்மையான நோயாளி இல்லாத இடத்துல உங்க புள்ள யாரைத் தொட்டுப் பாத்துக் கத்துக்கும்?

இப்போ அரசுக்கு. நான் அரசு ஊழியன்தான், இருந்தாலும் சொல்லணும். கட்டடத்தைக் கட்டி ரிப்பன் வெட்டினா கல்லூரி ஆயிடாது. 2025ல தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள்ல பெரும்பாலானதுக்கு தேசிய மருத்துவ ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட்டுச்சு, முக்கியக் காரணம் ஆசிரியர் பற்றாக்குறை. பேராசிரியர் பணியிடத்தைக் காலியா போட்டுட்டு, ஆய்வு வரும்போது வேற ஊர்ல இருந்து ஆளைக் கொண்டுவந்து உக்கார வச்சா, வாட்ஸ்அப் பட்டியல் சொல்ற பொய்யை நீங்களே உண்மையாக்குறீங்க. கடலோர மாவட்டத்துக்குப் போற ஆசிரியருக்குக் குவார்ட்டர்ஸும் கூடுதல் படியும் கொடுங்க. தண்டனை டிரான்ஸ்ஃபர் மாதிரி அனுப்பாதீங்க.

இது உங்க புள்ள விஷயம் மட்டும் இல்லை. பெருநகரத்துக்கு வெளியே இருக்கிற கல்லூரியில படிச்சவங்கதான் அந்த மாதிரி ஊர்ல தங்கி வேலை பாக்க வாய்ப்பு அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் 2010லயே சொல்லியிருக்கு. அங்க ஆள் தங்கலைன்னா, ரத்தப்போக்கோட ஒரு கர்ப்பிணி ராத்திரி 2 மணிக்கு 108ல நூறு கிலோமீட்டருக்கு மேல மதுரைக்கு வரணும். சில பேர் பரமக்குடி தாண்டுறதே இல்லை.

டிஎம்ல "அப்போ எதை வச்சு முடிவு பண்றது"ன்னு கேக்குறீங்க. லாக் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை நாள், சொல்லாம கொள்ளாம, காலையில 9 மணிக்கு அந்த ஆஸ்பத்திரி ஓபில போய் நில்லுங்க. சீட்டு வரிசையைப் பாருங்க. பிரசவ வார்டு வாசல்ல காத்திருக்கிற சொந்தக்காரங்ககிட்ட பேசுங்க. ஹவுஸ் சர்ஜன் ஒருத்தனைப் பிடிச்சு, "யூனிட் சீஃப் தினம் ரவுண்ட்ஸ் வர்றாரா தம்பி"ன்னு கேளுங்க. பணம் கட்டப் போற காலேஜ்லயும் இதையே செய்ங்க, பிஆர்ஓ இல்லாம. மாட்டுத்தாவணியில ராமநாதபுரம் பஸ் எப்பவும் நிக்குது.