பின் பொருந்தினால் போதுமா? அடாப்டர் சொல்லும் பாடம்!

கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறையில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. பால்வெட்டும்போது மரத்திலிருந்து வடியும் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். 100 கிலோ பாலில் உலர் ரப்பர் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோ. மரத்தின் ரகம், வயது, பருவம் என எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும். அதனால், ரப்பர் பாலுக்கு விலை பேசும்போது அதிலுள்ள உலர் ரப்பரின் அளவைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது ஒரு கற்பனை. ஒரு தோட்டத்தில் பாலின் எடையை மட்டும் பதிவு செய்யும் பழைய புரோகிராம் இருக்கிறது. புதிதாக வாங்கிய கணக்கு சாஃப்ட்வேரோ உலர் ரப்பரின் எடையைக் கேட்கிறது. பழையதில் கைவைத்தால், அதை நம்பி நடக்கும் மற்ற வேலைகள் கெடும். புதியதைத் திருத்தும் உரிமை தோட்டத்துக்கு இல்லை. என்ன செய்வது?

நடுவில் ஒரு சின்ன 'கிளாஸ்' எழுதலாம். இதற்குப் பெயர்தான் அடாப்டர் பேட்டர்ன். எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994-ல் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்திலுள்ள 23 பேட்டர்ன்களில் இதுவும் ஒன்று.

கணக்கு சாஃப்ட்வேர், "உலர் எடை எவ்வளவு?" என்று அடாப்டரைக் கேட்கும். அடாப்டர் பழைய புரோகிராமிடம் பால் எடையை வாங்கி, அன்றைய பரிசோதனையில் வந்த சதவிகிதத்தைக் கணக்கிட்டுப் பதில் தரும். 35 சதவிகிதம் என்றால், 100 கிலோ பால் 35 கிலோவாகப் போய்ச் சேரும். இரண்டு பக்கமும் ஒரு வரிகூட மாறாது. நாளை பழைய புரோகிராமுக்குப் பதில் வேறொன்று வந்தாலும், அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால், ஓர் எச்சரிக்கை. 120 வோல்ட்டில் மட்டுமே ஓடும் அமெரிக்க ஹேர் டிரையரை, பின்னை மட்டும் மாற்றும் அடாப்டரில் செருகினால் என்ன ஆகும்? பின் கச்சிதமாகப் பொருந்தும். நம் ஊர் 230 வோல்ட்டில் டிரையர் கருகிவிடும்.

சாஃப்ட்வேரிலும் இது நடந்திருக்கிறது. நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1999 செப்டம்பர் 23-ம் தேதி செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. ஒரு சாஃப்ட்வேர் பவுண்டு கணக்கில் தந்த உந்துவிசையை, இன்னொன்று நியூட்டன் கணக்கு என எடுத்துக்கொண்டதே காரணம். எண் போய்ச் சேர்ந்தது. அலகை யாரும் மாற்றவில்லை.

ரப்பர் கணக்கிலும் 100 என்பது அப்படியே போனால் எரர் மெசேஜ் எதுவும் வராது. விற்பனைக் கணக்கு மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். எனவே, அடாப்டர் எழுதும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய டெஸ்ட் ஒன்றுதான்: 100 கொடுத்தால் 35 வருகிறதா?