அயலவர் கைபட்ட தேர்தல்

பகைநாட்டின்மேற் படையெடுக்கும் வேந்தன், முதற்கண் அந்நாட்டின் ஆநிரைகளைக் களவிற் கவர்ந்து வருமாறு தன் மறவரை ஏவுவான் என்பது நம் புறத்திணை இலக்கணம். வெட்சித்திணை என்று வகுப்பறையில் நாம் நடத்துவது இதுவே. ஒற்றர் முன்சென்று நிரை நிற்கும் இடத்தையும் காவலின் அளவையும் அறிந்து வருவர், மறவர் இரவிற் புறப்படுவர், ஊரறியாமற் சூழ்வர். 2016ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிகழ்ந்தவற்றை விசாரணை ஆவணங்களின் வழியே அறிய நேர்ந்தபோது, இத்திணையின் துறைகள் ஒவ்வொன்றாக நம் நினைவுக்கு வந்தன. அங்கே கவரப்பட்டவை ஆநிரைகள் அல்ல, மடல்கள்.

அவ்வாண்டு மார்ச் 19ஆம் நாள், ஹிலாரி கிளின்டனின் தேர்தல் குழுத் தலைவரான ஜான் பொடெஸ்டாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கூகுள் நிறுவனமே விடுத்த எச்சரிக்கை போன்ற தோற்றம் அதற்கு இருந்தது. கடவுச்சொல்லை எவரோ அறிந்துகொண்டனர், உடனே மாற்றுக என்பது அதன் செய்தி. மீனுக்கு இரை காட்டும் தூண்டில் போன்ற மடல் அது. ஐயமுற்ற உதவியாளர்கள் கணினி அறிந்த ஒருவரிடம் கேட்டனர். அவரோ, 'மெய்யானதன்று' என்று எழுத எண்ணி 'மெய்யானது' என்று எழுதிவிட்டதாகப் பின்னாளில் கூறினார். ஓர் எதிர்மறை முன்னொட்டு விடுபட்டது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மடல்கள் களவு போயின. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தால் முகஞ்சுளிக்கும் நம் மாணவ நண்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக!

அடுத்த ஏப்ரல் மாதத்தில் ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றத் தேர்தல் குழுவின் கணினிகளுக்குள்ளும், அதன் வழியே அக்கட்சியின் தேசியக் குழுவின் கணினிகளுக்குள்ளும் அதே கையினர் புகுந்தனர். ரஷ்ய இராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த 12 அலுவலர்களைப் பெயர் குறித்து, சிறப்பு விசாரணை அதிகாரி ராபர்ட் முல்லர் 2018 ஜூலை 13ஆம் நாள் குற்றப்பத்திரிகை அளித்தார். எந்தப் பிரிவினர், எந்நாளில், எக்கணினியில் நுழைந்தனர் என்பதுவரை அதில் வரையப்பட்டுள்ளது. ரஷ்ய அதிபர் புதின் இவற்றையெல்லாம் மறுத்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

திருடியோர் தம் பெயரில் வெளியிடுவார்களா? 'குசிஃபர் 2.0' என்னும் புனைபெயரில் ஒருவர் தோன்றி, தாம் தனியொருவராய் இயங்கும் ருமேனியர் என்றார். செய்தியாளர் ஒருவர் அவரிடம் ருமேனிய மொழியிலேயே வினவினார், விடை தடுமாறியது. அவர் வெளியிட்ட கோப்பொன்றின் உட்குறிப்பில், சோவியத் இரகசியக் காவல் துறையை நிறுவிய செர்ஜின்ஸ்கியின் முற்பெயர்கள் ரஷ்ய எழுத்திலேயே இருந்தன. மொழி மனிதனைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு மொழியாசிரியராகிய நமக்கு இதனினும் சிறந்த சான்று கிட்டாது.

கவர்ந்ததை எந்நாளில் வெளியிடுவது என்பதிலேதான் திறம் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் மாநாடு பிலடெல்பியாவில் ஜூலை 25ஆம் நாள் தொடங்கவிருந்தது. மூன்று நாள் முன்னதாக, ஏறத்தாழ 20,000 மடல்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. கட்சியின் பொறுப்பாளர் சிலர் பெர்னி சாண்டர்சுக்கு எதிராக நடந்துகொண்டது வெளிப்பட்டது. கட்சித் தலைவி பதவி விலக நேர்ந்தது. ஜூலை 27ஆம் நாள் டொனால்டு டிரம்ப், கிளின்டனின் காணாமற்போன மடல்களை ரஷ்யா கண்டெடுக்கும் என நம்புவதாக மேடையில் வெளிப்படையாகவே கூறினார். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்குள் அவ்வுளவுத்துறையினர் கிளின்டனின் தனி அலுவலக முகவரிகளை முதன்முறையாகக் குறிவைத்தனர் என்கிறது முல்லர் அறிக்கை. அக்டோபர் 7ஆம் நாள், பெண்களைப் பற்றி டிரம்ப் இழிவாகப் பேசிய ஒலி, ஒளிப் பதிவு வெளியாயிற்று. ஒரு மணி நேரம் முடியுமுன் பொடெஸ்டாவின் மடல்கள் வெளிவரத் தொடங்கின. அதே நாளில், அமெரிக்க அரசு ரஷ்யாவைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டிய அறிக்கையும் வந்திருந்தது. மூன்று செய்திகளின் நெரிசலில் அவ்வறிக்கைதான் மிதிபட்டது.

வெளியான மடல்கள் பெரிதும் மெய்யானவையே. அப்படியிருக்க, உண்மையை ஊரறியச் செய்தவரைக் குறை கூறுவது எங்ஙனம் என்று கேட்பார் உளர். நாமும் இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் இருவர் போட்டியிடும் களத்தில் ஒருவர் வீட்டுச் சுவரை மட்டும் இடித்து, உள்ளிருப்பதை வீதிக்குக் காட்டி, மற்றவர் வீட்டைப் பூட்டியே வைத்தால், காட்டப்பட்டது உண்மையேயாயினும் காண்போர் பெறும் முடிவு உண்மையாகாது. எதனைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதைத் தேர்ந்தவர் அந்நாட்டு வாக்காளரல்லர். வேறொரு நாட்டின் படை அலுவலர். அவரை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை; எவரும் அவரைப் பதவியிறக்கவும் முடியாது.

மடற்களவைக் காட்டிலும் நம் உள்ளத்தை உறுத்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2016 மே 21ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், இஸ்லாமிய தஃவா மையத்தின் முன்னே இரு கூட்டங்கள் எதிரெதிராய்த் திரண்டன. டெக்சாஸ் இஸ்லாமிய மயமாவதைத் தடுப்போம் என்று ஒரு சாரார் முழங்கினர். வெறுப்பை எதிர்த்து மறுசாரார் முழங்கினர். காவலர் இடையே நின்றனர். முதற் கூட்டத்தை அழைத்தது 'டெக்சாசின் இதயம்' என்னும் முகநூற் பக்கம். அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு இஸ்லாமிய அறிவைக் காப்போம் என்று மற்றோர் அழைப்பை விடுத்தது 'அமெரிக்க ஐக்கிய முஸ்லிம்கள்' என்னும் முகநூற் பக்கம். இவ்விரண்டு பக்கங்களையும் நடத்தியவர்கள் ஒருவரே. அவர்கள் டெக்சாசிலும் இல்லை, முஸ்லிம்களும் இல்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், 'இணைய ஆய்வு நிறுவனம்' என்னும் பெயர்ப்பலகையின் பின்னே சம்பளத்துக்கு அமர்ந்து எழுதிய பணியாளர்கள்!

இரு கூட்டத்துக்குமான விளம்பரச் செலவு ஏறத்தாழ 200 டாலர் என்று 2017 நவம்பர் 1ஆம் நாள் அமெரிக்க செனட் உளவுக் குழுவின் தலைவர் ரிச்சர்டு பர் அவையில் தெரிவித்தார். நம்மூரில் ஒரு நாள் கூட்டத்துக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் அமைக்கும் செலவு என்று கொள்ளலாம். அவ்வளவு மலிவாக அண்டை வீட்டாரை அண்டை வீட்டார்மேல் ஏவ முடிந்திருக்கிறது. அமெரிக்க ஐக்கிய முஸ்லிம்கள் என்னும் பெயரில் மெய்யான ஓர் அமைப்பு அந்நாட்டில் இருந்தது. அதன் பெயரைத்தான் திருடிக்கொண்டனர். போலிப் பக்கத்தைப் பின்தொடர்ந்தோர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தம் சமுதாயத்தின் குரல் என்று நம்பி அதில் வந்தவற்றைப் பிறருக்கு அனுப்பிய அந்த நல்லோரை எண்ணுந்தோறும் நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது. அங்கே கூடியவர்களின் சினமும் அச்சமும் போலியல்ல. அழைத்தவர் மட்டுமே போலி.

இந்நிறுவனத்துக்குப் பொருளுதவி செய்தவர் எவ்கேனி பிரிகோசின் என்னும் செல்வர். நெடுநாள் மறுத்துவந்த அவர், அமெரிக்கத் தேர்தல்களில் தலையிட்டதாக 2022 நவம்பரிலும், அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் தாமே என்று 2023 பிப்ரவரியிலும் தாமாகவே கூறினார். அவ்வாண்டு ஆகஸ்டில் வானூர்தி விபத்தில் இறந்தார். அந்நிறுவனம் பரப்பியவை முகநூலில் மட்டும் 12 கோடியே 60 இலட்சம் பேர்வரை சென்றிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே கணக்களித்தது. அதிகமாகக் குறிவைக்கப்பட்டோர் கறுப்பின மக்களே என்று செனட் குழு 2019இல் கண்டறிந்தது. அவர்தம் பெயரிலேயே பக்கங்கள் தொடங்கி, அவர்தம் துயரங்களையே பேசி, இறுதியில் வாக்களிக்கச் செல்வதால் பயனில்லை என்று சொல்லிக்கொடுத்திருக்கின்றனர்.

இவற்றால் தேர்தல் முடிவு மாறியதா? மாறியது என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலவில்லை. பதிவான வாக்குகள் திருத்தப்பட்டதற்குச் சான்று கிட்டவில்லை. இல்லினாய் மாநிலத்து வாக்காளர் பதிவேட்டில் புகுந்து ஏறத்தாழ 5 இலட்சம் பேரின் விவரங்களைத் திருடினர் என்ற அளவிலே குற்றப்பத்திரிகை நிற்கிறது. கிளின்டன் நாடு முழுதும் ஏறக்குறைய 28 இலட்சத்து 70 ஆயிரம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மொத்தமாக 80,000க்கும் குறைவான வாக்குகளே வெற்றியைத் தீர்மானித்தன. அவற்றுள் எத்தனை வாக்கு எம்மடலால் திரும்பியது என்று எந்தத் தராசில் நிறுப்பது? டிரம்ப் தரப்பினர் ரஷ்யருடன் சதி செய்ததாக நிறுவப்படவில்லை என்று 2019இல் வெளியான முல்லர் அறிக்கை கூறியது. ரஷ்யத் தலையீடு முறையாகவும் பரந்த அளவிலும் நடந்தது என்றும் அதே அறிக்கை கூறியது. ஒரு கட்சியினர் முதற் செய்தியை மட்டும் படித்தனர். மறுகட்சியினர் இரண்டாவதை மட்டும் படித்தனர்.

நம் பெரியோர் சிலர், 'அமெரிக்கா விதைத்ததை அமெரிக்கா அறுக்கிறது, நமக்கென்ன?' என்பர். விதைத்தது பொய்யன்று. 1948இல் இத்தாலியத் தேர்தலில் அமெரிக்க உளவுத்துறை தனக்கு வேண்டிய கட்சிக்குப் பணம் கொடுத்தது. 1964இல் சிலி நாட்டில் எட்வர்டோ பிரேயின் தேர்தல் செலவில் பாதிக்குமேல் அதே துறையின் பணம் என்பதை அமெரிக்க செனட்டின் குழுவே பின்னர் வெளியிட்டது. 1953இல் ஈரானில் முசத்திக்கின் அரசைக் கவிழ்த்த கையும் அதுவே. 1946 முதல் 2000 வரை இவ்விரு வல்லரசுகளும் பிறநாட்டுத் தேர்தல்களில் 117 முறை தலையிட்டன என்றும், அவற்றுள் 81 அமெரிக்காவினுடையவை என்றும் ஆய்வறிஞர் டோவ் லெவின் கணக்கிட்டுள்ளார். இக்கணக்கை மறைத்துவிட்டு 2016ஐ மட்டும் பேசுவோர் நேர்மையாளர் அல்லர்.

ஆயினும் பெரியோர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. சிலியில் 1964இல் பணம் கொடுத்த அலுவலருக்கு 2016இல் என்ன தீங்கு நேர்ந்தது? தீங்கு நேர்ந்தது, தம் வழிபாட்டிடத்தின் வாயிலில் வெறுப்பு முழக்கத்தைக் கேட்க நேர்ந்த ஹூஸ்டன் முஸ்லிம்களுக்கு. வாக்களித்துப் பயனில்லை என்று ஓதப்பட்ட கறுப்பின ஏழைகளுக்கு. வல்லரசு செய்த பாவத்துக்கு அதன் நலிந்த குடிமக்கள் பழி தீர்க்கப்படுவதைக் கண்டு மகிழ்வது நீதியாகாது.

செய்தியை எவ்வாறு ஏற்பது என்பதில் நம் முன்னோர் கவலை கொண்டிருந்தனர். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே கொள்ளவேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் தெளியவேண்டும் என்றும் அரசனுக்கு அங்கே கூறுகிறார். ஹதீஸ் கலை அறிஞர்களோ, சொல் நல்லதாய் இருப்பினும் அதனைக் கொண்டுவந்தோரின் வரிசையை ஒவ்வொருவராக ஆராய்ந்தனர். இடையில் ஓர் ஆள் அறியப்படாதவராயினும் தயங்கினர். நம் மாணவரின் கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் செய்திகளுக்கு இவ்வரிசையில் முதல் ஆளே தெரிவதில்லை. சமுதாய நலன் என்ற தலைப்பில் வருவதாலேயே அதனை எழுதியவர் நம் சமுதாயத்தார் என்று கொள்ளும் வழக்கம், ஹூஸ்டன் நிகழ்ச்சிக்குப் பின்னும் தொடர்வது நமக்கு வியப்பாகவே உள்ளது.

கவர்ந்த நிரையை மீட்பதைப் பிற்கால இலக்கணம் கரந்தையெனத் தனித்திணை ஆக்கியது. வெளியாகிவிட்ட மடலை மீட்க எப்பூவைச் சூடுவது? 2017 மே மாதத்தில், இறுதிச் சுற்று வாக்குப்பதிவுக்கு இரு நாள் முன்னர், பிரான்சின் மக்ரோன் தரப்பினரது மடல்கள் இவ்வாறே கொட்டப்பட்டன. அவற்றைப் பரப்பவேண்டா என்று தேர்தல் கண்காணிப்புக் குழு இதழ்களைக் கேட்டுக்கொண்டது. பெரும்பாலான இதழ்கள் அடங்கின. இக்களவு ரஷ்ய இராணுவ உளவுத்துறையின் செயலே என்று 2025 ஏப்ரலில் பிரெஞ்சு அரசு வெளிப்படையாக அறிவித்தது. 2024இல் ஈரானியர் டிரம்ப் தரப்பின் ஆவணங்களைத் திருடி இதழ்களுக்கு அனுப்பியபோதும், அமெரிக்கப் பேரிதழ்கள் அவற்றை அச்சிடவில்லை. 2016இல் கிளின்டனின் மடல்களை நாள்தோறும் விரித்து எழுதிய அதே இதழ்கள்தாம் அவை. பாடம் கற்றனரோ, ஆளுக்கொரு நீதியோ என்று ஐயுறுவோரை நாம் குறை கூறமாட்டோம்.

எல்லாவற்றினும் கடுமையான மருந்தை அருந்தியது ருமேனியா. 2024 நவம்பர் 24ஆம் நாள் நடந்த அதிபர் தேர்தலின் முதற் சுற்றில், பலரும் எதிர்பாராத கெலின் ஜார்ஜெஸ்கு முதலிடம் பெற்றார். தேர்தல் செலவே இல்லை என்று கணக்குக் காட்டிய அவரைப் பற்றிய காணொளிகள் டிக்டாக் செயலியில் பெருவெள்ளமாய்ப் பரவியிருந்தன. அதன் பின்னே வெளிநாட்டுக் கை உள்ளதென்று உளவுத்துறைகள் கருதின. டிசம்பர் 6ஆம் நாள், வெளிநாடுவாழ் ருமேனியர் இரண்டாம் சுற்றுக்கு வாக்களிக்கத் தொடங்கிவிட்ட வேளையில், அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தல் முழுவதையும் செல்லாதென அறிவித்தது. மறுதேர்தலில் ஜார்ஜெஸ்கு நிற்க இசைவு தரப்படவில்லை. 2025 மே 18ஆம் நாள் நிக்குசோர் டான் வென்றார்.

அந்நீதிமன்றம் செய்தது சரியென்று நம்மால் முழுமனத்தோடு சொல்ல இயலவில்லை. தீ பரவிய கூரையைப் பிரித்தெறிய வேண்டிவரும். ஆனால் தீயை வீட்டாருக்குக் காட்டிய பின்னரே பிரிக்கவேண்டும். மக்களுக்குக் காட்டப்பட்ட சான்றுகள் அத்துணைப் பெரிய தீர்ப்பைத் தாங்குமளவுக்கு விரிவானவையல்ல என்பது நம் கருத்து. அம்முதற் சுற்றில் ஜார்ஜெஸ்குவுக்கு வாக்களித்தோர் 21 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தம் வாக்கை அழித்தது அயலவர் கையா, தம் நாட்டு நீதிமன்றத்தின் கையா என்று அவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு விடை கூறும் கடமை புக்கரெஸ்டில் ஆள்வோருக்கு உண்டு.