ஆணியை விடப் பெரிய கதை!

சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் நம் பெண்கள், முஸ்தபா கடையையும் மாரியம்மன் கோவிலையும் பார்த்துவிட்டு, 'ஊரையே பார்த்தாச்சு' என்று திரும்பி விடுகின்றனர். நான் போனபோது, தெலோக் ஆயர் தெருவில் உள்ள தியான் ஹொக் கெங் என்ற சீனக் கோவிலுக்கு மகள் அழைத்துப் போனாள். 'அங்கெல்லாம் நமக்கு என்ன வேலை?' என்று சம்பந்தியம்மாள் முகம் சுளித்தார். வேலை இருக்கிறது சகோதரிகளே!

அங்கே இருக்கும் மாசூ அம்மன், சீனாவின் புஜியான் கரையோரம் பிறந்த மீனவப் பெண் என்று சொல்கின்றனர். கடலில் போகிறவர்களைக் காப்பவள். கப்பலில் உயிரைக் கையில் பிடித்து வந்தவர்கள், கரையேறியதும் முதலில் இவளுக்குத்தான் ஊதுவத்தி ஏற்றினார்களாம். 1839ல் துவங்கி, 1842ல் கட்டி முடித்திருக்கின்றனர். அன்று வாசலுக்கு எதிரே கடல். இன்று சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள். கடலைத் தூர்த்து விட்டார்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம், 'ஆணியே அடிக்காமல் கட்டிய கோவில்' என்பதைத்தான் சொல்கின்றனர். எல்லாரும் அண்ணாந்து பார்த்து, போட்டோ எடுத்துக் கிளம்பி விடுகின்றனர். எனக்கு இதில்தான் வருத்தம். புஜியான்காரர்களின் சங்கம் பல காலம் இந்தக் கோவிலில்தான் இயங்கியது. பஞ்சாயத்து, கல்யாணப் பதிவு எல்லாம் இங்கேதான். அதைவிட முக்கியம், பக்கத்திலேயே இருக்கும் சோங் வென் கே கட்டடத்தில், 1915ல் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது! அந்தப் பள்ளி, சோங்ஃபூ என்ற பெயரில், வேறு இடத்தில் இன்றும் நடக்கிறது. இப்போது பையன்களும் படிக்கின்றனர்.

எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். எங்க ஊரில் பள்ளிக்கூடம் மூணு மைல் தள்ளி. வயசுக்கு வந்த பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று விட்டார்கள். கும்பிடப் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வகுப்பு நடந்திருந்தால், எங்க அப்பாவால் மறுத்திருக்க முடியுமா? இதை மகளிடம் சொன்னபோது, அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக் கொண்டாள். கோவிலைக் காட்டுகிறவர்கள் ஆணிக் கதையைக் குறைத்து, இந்தக் கதையைச் சொல்லட்டும். அவர்கள் சொல்லாவிட்டாலும், பேத்தியைக் கூட்டிப் போகிற பாட்டிகள் சொல்லலாமே!

கட்டணம் கிடையாது. செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அதே தெருவில், நம் பக்கத்து முஸ்லிம்கள் 1828 - 30ல் கட்டிய நாகூர் தர்காவும் இருக்கிறது. அதையும் பார்த்து வாருங்கள். புடவை கட்டிப் போகிறவர்கள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கணும். கோவில் வாசற்படி ரொம்ப உயரம்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.