படலையடியில் கடன், பாவனையில் இல்லாத சட்டம்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். தவணைகள் நீண்டன. மண்கும்பானில் ஒரு குடும்பத்தலைவி, "இந்தக் கிழமை கட்ட ஏலாது" என்று அறிவித்தால் என்ன நடக்கும்? வசூலிக்க வந்தவர் காசு கைக்கு வரும்வரை படலையடியில் நிற்பார்.

வங்குரோத்துச் சட்டத்தின் பெறுமதி அந்தப் படலையடியில்தான் தெரியும். கடன் தள்ளுபடி பிறகு வருவது. அமெரிக்காவில் ஒருவர் மனுத் தாக்கல் செய்தவுடனேயே தொலைபேசி மிரட்டல், வழக்கு, சம்பளப் பிடிப்பு எல்லாம் பெரும்பாலும் நின்றுவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல், வங்குரோத்தாகாமலே 60 நாள் அவகாசம் பெறலாம்.

இலங்கையிலும் சட்டம் இல்லாமலில்லை. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கடனுக்காக மனிதரைச் சிறையில் அடைத்த காலத்தில் எழுதப்பட்டது அது. கிழமைக்குக் கிழமை வீட்டுக்கு வரும் வசூலாளரை அது கற்பனை செய்திருக்க முடியாது. ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்குச் சட்டத்தரணி பிடித்து மாவட்ட நீதிமன்றம் ஏற யாரிடம் காசிருக்கிறது? இருந்தால் தவணையைக் கட்டியிருப்பார்களே.

2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் குவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வசூலில் பெண்கள் பாலியல் ரீதியாகவும் துன்புறுத்தப்படுவதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு அரசு, வடக்கு கிழக்கு உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்தது. நல்ல விடயம். ஆனால் அது ஒருமுறை கிடைத்த நிவாரணம். அடுத்த கடனுக்கு அது பொருந்தாது.

வசூலை நிறுத்திவைக்க அரசுக்குத் தெரியாமலுமில்லை. அடகு வைத்த சொத்தை வழக்கின்றியே ஏலம் விட வங்கிகளுக்கு இடமளிக்கும் 'பராட்டே' அதிகாரத்தை 2024இல் தற்காலிகமாக நிறுத்தியது. அது வங்கியில் கடனெடுத்த வியாபாரிகளுக்கு உதவியது. கிணற்றடியில் குழுவாகக் கூடிக் கடனெடுத்தவர்களுக்கு அல்ல.

இந்தக் குழுதான் பெரிய சிக்கல். வங்குரோத்துப் பாதுகாப்பு பொதுவாக மனுச் செய்தவருக்கே உரியது. பிணை நின்றவரைக் காப்பதில்லை. ஒருத்தி பாதுகாப்புப் பெற்றால், வசூலாளர் பக்கத்து வீட்டுக்குப் போவார். அங்கிருப்பவள் அவளுடைய மச்சாளாகவோ சித்தியாகவோ இருப்பாள். நீதிமன்றம் தடுத்தாலும் அவர்களின் முகத்துக்காக அவள் கட்டுவாள். அதனால் இங்கே சிறுகடனுக்கு ஒரு சட்டம் வருவதென்றால், மனுப் போட்ட நாளிலிருந்தே குழு முழுவதிடமும் வசூலை நிறுத்த வேண்டும். மனுவைப் பிரதேச செயலகத்திலேயே கட்டணமின்றி ஏற்கவும் வேண்டும்.