உறங்கும் நகரும் எழும் நகரும்: ஒப்பாய்வில் விடியல் குறித்து ஒரு கருத்துரை

முன்னுரை

ஒப்பிலக்கியத் தாளின் வழியாகத் தமிழ் மாணவருக்கு அறிமுகமாகும் மேலைக் கவிஞருள் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் (1770–1850) குறிப்பிடத்தக்கவர். 'இயற்கைக் கவிஞர்' என்னும் அடைமொழியோடு வகுப்பறைக்குள் வருகிறார். சங்கப் புலவரின் இயற்கைப் புனைவோடு சில ஒப்புமைகள் காட்டப்பட்டதும் விடைபெறுகிறார். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின்மேல் நின்று இலண்டன் மாநகரின் விடியலை அவர் பாடிய சானெட்டும் பெரும்பாலும் இவ்வாறே கையாளப்படுகிறது. வேர்ட்ஸ்வொர்த்தும் விடியலைப் பாடினார், மாங்குடி மருதனாரும் விடியலைப் பாடினார், இருவருக்கும் நகர் அழகாகத் தோன்றியது என்பதோடு ஒப்பீடு நிறைவுறுகிறது. இம்முடிவு பிழையன்று, ஆனால் இதனை அறிய ஓர் ஆய்வு தேவையில்லை.

இருவரும் விடியற்கால நகரை அழகெனக் காண்கின்றனர். அவ்வழகு எதனால் விளைகிறது என்பதில் இரு பாடல்களும் நேரெதிராக நிற்கின்றன. ஒன்றில் நகர் உறங்குவதால் அழகு பெறுகிறது. மற்றொன்றில் நகர் எழுவதால் அழகு பெறுகிறது. இவ்வேறுபாட்டிலிருந்தே ஒப்பாய்வு தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

சானெட்டின் அமைதி

1802ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கையெழுத்தான ஆமியன் உடன்படிக்கை, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான போரைச் சிறிது காலம் நிறுத்தியது. அவ்வமைதியைப் பயன்படுத்தி, அவ்வாண்டுச் சூலைத் திங்களின் இறுதியில் வேர்ட்ஸ்வொர்த் தம் தங்கை டோரதியுடன் பிரான்சின் கலே நகருக்குப் புறப்பட்டார். முன்னாள் காதலி அனெட் வலானையும், அவர்களுக்குப் பிறந்து ஒன்பது வயதை எட்டியிருந்த கரோலினையும் காண்பதே பயணத்தின் நோக்கம். அவ்வாண்டு அக்டோபரில் மேரி அட்சின்சனுடன் அவருக்குத் திருமணம் நடக்கவிருந்தது. பாலத்தைக் கடந்த காலைக் காட்சியை டோரதி தம் நாட்குறிப்பில் உரைநடையாகப் பதிந்துள்ளார். பாடலின் தலைப்போ செப்டம்பர் 3 என நாள் குறிக்கிறது. அது அவர்கள் பிரான்சிலிருந்து திரும்பிய காலத்தை ஒட்டியது. பாடல் 1807ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சேறியது.

பதினான்கு அடிகளாலான இச்சானெட்டில் கப்பல், கோபுரம், குவிமாடம், அரங்கம், ஆலயம் எனக் கட்டடங்கள் அடுக்கப்படுகின்றன. மனிதர் ஒருவரும் கண்ணில் படுவதில்லை. ஓசை ஒன்றும் கேட்பதில்லை. காற்றில் புகையில்லை என்பது தனியே சுட்டப்படுகிறது. நிலக்கரி எரித்து வாழ்ந்த இலண்டனில் புகையின்மை என்பது அடுப்புகளும் உலைகளும் இன்னும் மூட்டப்படவில்லை என்பதன் அடையாளம். அதாவது, வேலை தொடங்கவில்லை. 1801ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களைக் கொண்டிருந்த மாநகரை, அம்மக்கள் இல்லாத கணமாகப் பார்த்துக் கவிஞர் வியக்கிறார்.

பாடலின் மொழியமைப்பும் இதற்கு இயைந்ததே. பாடல் எதிர்மறைக் கூற்றொன்றில் தொடங்குகிறது. பிற்பகுதியான ஆறடிகளிலும் 'இதற்கு முன் என்றும் இல்லை' என்னும் பொருள் மீளமீள வருகிறது. இன்மைகளை அடுக்கி நிறைவைக் காட்டும் உத்தி இது. இறுதியில் நகர் முழுதும் அசைவற்றுக் கிடக்கும் ஒரு பேரிதயமாக உருவகிக்கப்படுகிறது.

இவ்வமைதி தற்செயலானதன்று. அதே கவிஞர் தம் வாழ்வை விரித்துரைத்த 'முன்னுரை' என்னும் நெடும்பாடலின் ஏழாம் பகுதியில், விழித்திருக்கும் இலண்டனின் சந்தையிரைச்சலைப் பெருங்குழப்பமாகவே காட்டுகிறார். இலண்டன் தெருக்களின் அழுகுரல்களை 1794இல் வெளிவந்த பாடலில் வில்லியம் பிளேக் பதிந்தார். இவற்றோடு வைத்துப் படிக்கும்போது, வெஸ்ட்மின்ஸ்டர் சானெட்டில் நகர் அழகு பெறுவதற்கு அமைதியே நிபந்தனையாக இருப்பது புலனாகும். இதனை வெறும் இயற்கைப் புனைவு எனக் கொண்டால் இந்நிபந்தனை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மதுரைக்காஞ்சியின் ஒலி

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டுள் மிக நீண்டது. வஞ்சியடிகள் விரவிய ஆசிரியப்பாவால் ஆன அப்பாட்டு, மதுரையின் பகலையும் மாலையையும் இரவின் யாமங்களையும் கடந்து விடியலை அடைகிறது.

அவ்விடியல் பகுதி முழுவதும் ஒலியால் நிரம்பியது. பூவில் வண்டு முரல்வது போல அந்தணர் வேதம் ஓதுகின்றனர். யாழோர் மருதப்பண் இசைக்கின்றனர். பாகர் களிற்றுக்குக் கவளம் ஊட்டுகின்றனர். குதிரைகள் புல்லை அசைபோடுகின்றன. கடைகள் மெழுகப்படுகின்றன, கள் விற்போர் விலை கூறுகின்றனர். கதவுகள் திறக்கும் ஓசை எழுகிறது. முரசு முழங்க, கோழியும் அன்னமும் மயிலும் தத்தம் குரலில் விடியலை அறிவிக்கின்றன. முற்றத்தில் உதிர்ந்து வாடிய பூக்கள் பெருக்கித் தள்ளப்படுகின்றன. நகரின் அழகு இங்கே வேலை செய்வோரின் அசைவோடு பிறக்கிறது.

இலக்கண அமைப்பு இங்கு உற்றுநோக்கத்தக்கது. இப்பகுதியைத் தாங்கிநிற்பவை 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள். வெவ்வேறு எழுவாய்களுக்கு உரிய பல வினைகள் ஒரே பொழுதில் நிகழ்வதை இவ்வெச்ச அடுக்கு காட்டுகிறது. எவர் வினையும் மற்றவர் வினைக்கு அடங்குவதில்லை. வேதம் ஓதுவோரும் கள் விற்போரும் ஒரே தொடரின் உறுப்புகளாகின்றனர். வேர்ட்ஸ்வொர்த்தின் எதிர்மறை அடுக்கையும் மருதனாரின் எச்ச அடுக்கையும் அருகருகே வைத்துக் காண்பது, 'இருவரும் இயற்கையைப் பாடினர்' என்னும் பொதுமையைவிட மிகுதியாக நமக்குக் கற்பிக்கும்.

விடியலை ஒலியால் அறிவது இந்நூலுக்கு மட்டும் உரிய வழக்கன்று. மதுரை வேத ஒலியால் எழுவதையும், வஞ்சியும் கோழியும் சேவற்குரலால் எழுவதையும் பரிபாடல் திரட்டின் பாடல் ஒன்று வேறுபடுத்திக் காட்டுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் துயிலெடை நிலையும், பின்னாளில் பக்தி இலக்கியத்தில் வளர்ந்த திருப்பள்ளியெழுச்சியும் எழுப்புதலையே பொருளாகக் கொண்டவை.

எதிர்வரக்கூடிய வினா

தமிழில் நகரின் அமைதி பாடப்படவே இல்லையா என வினவலாம். பாடப்பட்டுள்ளது. மதுரைக்காஞ்சியே நள்ளிரவில் துயிலும் நகரை அலையோசை அவிந்த கடலுக்கு ஒப்பிடுகிறது. ஆனால் அவ்வமைதியைத் தொடர்ந்து கள்வரும், அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலரும் வருகின்றனர். பதுமனார் பாடிய குறுந்தொகை 6ஆம் பாடலில் உலகமெல்லாம் துயிலும் யாமத்தில் தலைவி ஒருத்தி மட்டும் துயிலாது வருந்துகிறாள். இவ்விடங்களில் அமைதி நள்ளிரவுக்கு உரியது. அச்சத்தையோ பிரிவின் துயரையோ சுமப்பது. எனவே, 'தமிழில் அமைதி உண்டா, இல்லையா' எனக் கேட்பதைவிட, 'அமைதி எப்பொழுதுக்கு உரியதாக வைக்கப்பட்டுள்ளது, எவ்வுணர்வைத் தாங்குகிறது' எனக் கேட்பதே பயன் தரும்.

தொல்காப்பியர் வைகறையையும் விடியலையும் மருதத்தின் சிறுபொழுதாக வகுத்தார். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். வேர்ட்ஸ்வொர்த்தின் பயணத்திலும் பிரிந்த காதலி இருப்பதால், அச்சானெட்டை 'மருதத்திணைப் பாடல்' என வகைப்படுத்த ஓர் ஆய்வாளர் விழையக்கூடும். அது தவறாகும். அனெட் பற்றிய குறிப்பு எதுவும் பாடலுக்குள் இல்லை. திணைக்கோட்பாட்டை வினா எழுப்பும் கருவியாகக் கொள்ளலாம். எதிர்ப்படும் பாடல்களுக்கெல்லாம் ஒட்டும் பெயர்ச்சீட்டாகக் கொள்ளலாகாது.

ஊர்ப்பற்றும் ஆய்வும்

மேலைக் கவிதையை அளவுகோலாக்கித் தமிழை அளப்பது ஒரு பிழை. 'இது எம்மிடம் முன்பே உண்டு' எனக் கூறி மேலைக் கவிதையைப் படிக்காமலே கடப்பது அதன் மறுபக்கம். இரண்டாவதன் ஈர்ப்பு எம் பகுதியினர்க்கு மிகுதி. சங்கரன்கோவில் வட்டாரத்து மாங்குடியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2001–2002இல் அகழாய்வு நடத்தியது. அவ்வூரையே மருதனாரின் ஊராகக் கொள்வாரும் உளர். புளியங்குடியிலிருந்து ஆய்வுக்கு வரும் ஒருவருக்கு இது பெருமிதம் தருவது இயல்பே. எனினும், அண்டையூர்ப் புலவர் என்னும் பெருமிதம் ஒப்பாய்வில் சான்றாகாது.

ஊர் தரும் பயன் வேறு. பள்ளிவாசலின் பாங்கும் கோயிலின் ஒலிபெருக்கியும் நெடுஞ்சாலைப் பேருந்தின் ஒலியும் எலுமிச்சை மூட்டை ஏற்றுவோரின் குரலும் கலந்து விடியும் புளியங்குடியில் வளர்ந்த மாணவருக்கு, ஓசையற்ற விடியலே அழகின் உச்சம் என்பது தானே விளங்கும் உண்மையன்று. விளக்கம் வேண்டும் ஒரு செய்தி. 'இக்கவிஞருக்கு ஏன் ஓசை தடையாகிறது?' என்னும் வினா அவரிடம் இயல்பாக எழும். வினாவிடை நூல்களின் பொழிப்பை மனனம் செய்விப்பதால் அவ்வினா எழுமுன்னரே அடங்கிவிடுகிறது.

முன்னோர் காட்டிய வழி நமக்கு உண்டு. தனிநாயகம் அடிகள் ஆங்கிலத்தில் எழுதி 1966இல் வெளிவந்த நூல், சங்கக் கவிதையில் நிலமும் பொழுதும் மாந்தர் உணர்வோடு பிணைந்திருக்கும் முறையை ஆராய்ந்தது. க. கைலாசபதி தம் வீரநிலைக் கவிதை ஆய்வில் (1968) கிரேக்க, ஐரிஷ் மரபுகளோடு தமிழை ஒப்பிட்டபோது, பாடல்கள் தோன்றிய சமூக நிலைமைகளையும் வாய்மொழிப் புனைவு முறைகளையும் கருத்திற்கொண்டார். இணையான வரிகளைத் தொகுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை.

முடிவுரை

விடியற்பாடல்களை ஒப்பிடும் ஆய்வேடுகள் மூன்று வினாக்களுக்கேனும் விடை காணவேண்டும். பாடுவோர் எங்கு நிற்கிறார்? என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை? யார் வேலை செய்கின்றனர், அவர் பாடலுக்குள் இடம்பெறுகின்றனரா? பாலத்தின்மேல் நிற்கும் பயணி நகரைக் கடந்துசெல்பவர்; அவருக்கு நகர் ஒரு காட்சி. மன்னனுக்கு நிலையாமையை அறிவுறுத்தும் புலவருக்கோ நகர் ஆளப்படுவது, வாழப்படுவது, ஒருநாள் இல்லாமற்போகக் கூடியது. காஞ்சி என்னும் இப்பொருளை விடுத்து விடியல் அடிகளை மட்டும் வெட்டியெடுத்தால் மதுரைக்காஞ்சி ஒரு வருணனைத் துணுக்காகிவிடும். 1802இன் போரும் அமைதியும் புகையும் நீக்கப்பட்டால் சானெட்டும் அவ்வாறே ஆகும்.

இதற்குத் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே கல்லூரியின் இரு கட்டடங்களாக மட்டும் இருத்தல் போதாது. மூலப்பாடலை மூலமொழியில் அடியடியாக இணைந்து படிக்கும் வகுப்பு பருவத்துக்கு ஒன்றேனும் நடைபெறலாம். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பதினான்கு அடிகளைப் படிக்க ஒரு பிற்பகல் போதும். அப்பிற்பகல் வாய்க்காத ஆய்வேடு, வேர்ட்ஸ்வொர்த்தையும் கற்பதில்லை, மருதனாரையும் கற்பதில்லை. இருவரின் பெயர்களையே ஒப்பிடுகிறது.