கயிறு பிடித்த கை

வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் வட்டவடை மலைச்சரிவில் வாழும் நமக்குக் கடல் தூரந்தான். எனினும், பிழைப்பை நாடி நம் பிள்ளைகள் கடற்கரை நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் செல்கின்றனர். நீருள் முக்குளித்து ஈட்டியால் மீன் பிடிக்கும் பயிற்சியில் அங்கே சேர விழைவோர்க்குச் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

இப்பயிற்சியின் முதற்பாடம் ஈட்டியைப் பற்றியதன்று, மூச்சைப் பற்றியது. முக்குளிக்குமுன் விரைவாகப் பலமுறை மூச்சை இழுத்து விட்டால் நெடுநேரம் நீருள் இருக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் உயிருக்கே உலை வைப்பது. மூச்சுக்காக நம்மைத் தவிக்கச் செய்வது பெரும்பாலும் உடலில் பெருகும் கரியமில வாயுவே. வேகமூச்சு அதனை வெளியேற்றிவிடுகிறது. பிராணவாயுவையோ சிறிதளவே கூட்டுகிறது. ஆகவே, பிராணவாயு தீர்ந்துவரும்போதும் தவிப்புத் தோன்றுவதில்லை. மேலும், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இரு மடங்கு. மேலேறுகையில் அது குறையக் குறைய, எஞ்சிய பிராணவாயு இரத்தத்தில் கலப்பதும் குறைகிறது. நீர்மட்டத்தை எட்டும் தறுவாயில், நீச்சலில் வல்லவனும் ஓசையின்றி நினைவிழக்கிறான்.

இதற்குக் காப்பு யாது? வேகமூச்சை விலக்குதலும், துணையின்றி நீரில் இறங்காமையுமே. ஒருவர் முக்குளிக்க, மற்றவர் மேலிருந்து காத்தல் வேண்டும். வெளிவந்த பின்னும் அரை நிமிடம் அவரை விட்டுக் கண்ணை எடுத்தலாகாது. நீருள் இருந்த நேரத்தைப்போல் இரு மடங்கேனும் இளைப்பாறிய பின்னரே மீண்டும் முக்குளிக்கலாம். ஈட்டித் துப்பாக்கியை நீரில் இறங்கிய பின்னரே நாணேற்றுதலும், மனிதர் இருக்கும் திசையில் நீட்டாமையும், கரையேறுமுன் நாணிறக்குதலும் மாறா விதிகள்.

நம் முன்னோர் துணையின் அருமையை நன்கறிந்தவர். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை அரசு முத்துக்குளிப்பை நடத்தியது. கல்லின் பாரத்தால் அடித்தளம் சேர்ந்தவரை, படகில் கயிறு பிடித்து நின்றவர் குறிப்பறிந்து மேலே இழுத்தார். குளித்தவரின் உயிர் அக்கையில் இருந்தது. இன்றைய ஈட்டிக்காரனுக்குக் கயிறில்லை. தோழனின் கண்ணே கயிறு.

சட்டத்தையும் கேட்டறிதல் நன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே மீன் பிடித்தல் கூடாது. காற்றுக்கலம் சுமந்து ஈட்டி எறிவதைத் தடை செய்த நாடுகளும் பல.

பெற்றோர்களே! மகன் இப்பயிற்சியில் சேர்ந்ததாக எழுதினால், ஈட்டியின் விலையைக் கேட்க வேண்டா. “உன்னோடு நீரில் இறங்குபவர் யார்?” என்று கேளுங்கள். விடை வரும்வரை சம்மதம் தராதீர்கள்.