பவர் என்றால் எந்தப் பவர்?

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு நாள் மாலை புதுக் கண்ணாடி அணிந்துகொண்டு என்னிடம் வந்தான். "சார், போன வருஷம் என் பவர் மைனஸ் 2. இந்த வருஷம் மைனஸ் 3. மைனஸ் 2-ஐ விட மைனஸ் 3 சிறியது என்றுதானே கணக்கு வகுப்பில் படித்தோம்? அப்படியானால் பவர் குறைந்திருக்கிறது. ஆனால் அம்மா, பவர் கூடிவிட்டதே என்று கவலைப்படுகிறார். யார் சொல்வது சரி?" என்று கேட்டான்.

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது அவன் மீது தவறே இல்லை என்று தெரிந்தது. அவனுடைய கணக்கு சரி; அம்மாவின் கவலையும் நியாயம். இருவரையும் குழப்பியது 'பவர்' என்னும் அந்த ஆங்கிலச் சொல்தான்.

மாணவ நண்பர்களே! ஒரு நாளில் இந்தச் சொல்லை நாம் எத்தனை இடங்களில் கேட்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மின்சாரம் நின்றால் 'பவர் கட்'. கணக்கு வகுப்பில் 'டூ டு த பவர் டென்'. உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் 'ஹை பவர்' லென்ஸ். மருந்துக் கடையில் 'பவர் கூடின மாத்திரை'. அரசியல் பேச்சில் 'யார் கையில் பவர்?' சொல் ஒன்றுதான். பொருளோ இடத்துக்கு இடம் வேறு.

இது எப்படி நேர்ந்தது? 'இயலுதல்' என்று பொருள்படும் ஒரு பழைய இலத்தீன் வினைச்சொல், பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் 'பவர்' ஆயிற்று. ஒன்றைச் செய்ய இயன்ற வலிமை என்பதே அதன் அடிப்படைப் பொருள். கணிதத்துக்கு இச்சொல் வந்த கதை இன்னும் பழையது. பண்டைய கிரேக்கக் கணித அறிஞர்கள் சதுரத்தைக் குறிக்க 'டைனமிஸ்' என்னும் சொல்லை ஆண்டார்கள். அதற்கும் வலிமை என்றே பொருள். அது இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, பின்னர் ஆங்கிலத்தில் 'பவர்' ஆனது. மிதிவண்டி விளக்கை எரியவைக்கும் டைனமோவின் பெயரும் அதே 'டைனமிஸ்' என்னும் வேரிலிருந்து பிறந்ததுதான். ஆக, கணக்கு நோட்டில் 2-இன் தலைமேல் சிறியதாக உட்கார்ந்திருக்கும் 10-க்கும் டைனமோவுக்கும் தொலைதூர உறவு உண்டு!

இயற்பியலில் இச்சொல்லுக்கு மிகக் கறாரான பொருள் இருக்கிறது. வேலை செய்யப்படும் வேகமே பவர். ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரங்களைக் குதிரைகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். இன்றைய அலகில் சுமார் 746 வாட். 'வாட்' என்னும் அலகை 1882-ஆம் ஆண்டில் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் வீதம் ஆற்றல் செலவானால் அது ஒரு வாட்.

'ஒரு நொடிக்கு' என்பதை மறந்துவிடக் கூடாது. 1000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தாலும், 100 வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தாலும் மீட்டரில் ஏறுவது ஒரே ஒரு யூனிட்தான். திறன் வேறு, செலவான ஆற்றல் வேறு. ஆனால் 'நாளொன்றுக்கு 1000 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும்' என்று எழுதுவோர் இருக்கிறார்கள். நொடிக் கணக்கு மெகாவாட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது 'நாளொன்றுக்கு' எதற்கு? கூடங்குளத்தில் இயங்கும் ஓர் அணு உலையின் திறன் 1000 மெகாவாட். அது ஒரு முழு நாள் அத்திறனில் ஓடினால் பிறக்கும் ஆற்றல் 2 கோடியே 40 லட்சம் யூனிட். இப்படிச் சொன்னால்தான் வாக்கியத்துக்குப் பொருள் உண்டு.

கண்ணாடிக் கடையில் வாட்டுக்கு வேலை இல்லை. லென்ஸின் குவியத் தொலைவை மீட்டரில் அளந்து, 1-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பதே அங்கே பவர். அதன் அலகு டையாப்டர். 1872-இல் மோனோயே என்னும் பிரெஞ்சுக் கண் மருத்துவர் முன்மொழிந்த அலகு இது. குவிய வைக்கும் லென்ஸுக்குப் பிளஸ். விரிய வைக்கும் குழிலென்ஸுக்கு மைனஸ்.

இப்போது நம் பையனின் கேள்விக்கு வருவோம். கண்ணின் முன்பகுதியும் உள்ளே இருக்கும் லென்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 60 டையாப்டர் திறன் கொண்டவை. கிட்டப்பார்வை உள்ளவரின் கண், பெரும்பாலும் முன்பின்னாகச் சற்று நீண்டிருக்கும். அந்த நீளத்துக்கு அதன் குவிக்கும் திறன் அதிகம். எனவே தொலைவிலிருந்து வரும் ஒளி, விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. அதிகப்படியாக உள்ள திறனைக் கழிக்கவே குழிலென்ஸ் தேவைப்படுகிறது. 2 டையாப்டர் அதிகமானால் மைனஸ் 2, 3 அதிகமானால் மைனஸ் 3. கணக்கு ஆசிரியர் கற்றுத்தந்த அதே கழித்தல் குறிதான் இது! எண் சிறியதாகியிருப்பது உண்மை. ஆனால் கழிக்கவேண்டிய அளவு கூடியிருக்கிறது. கண்ணாடி இல்லாமல் 50 சென்டிமீட்டர் வரை தெளிவாகப் பார்த்தவன், இப்போது சுமார் 33 சென்டிமீட்டர் வரைதான் பார்ப்பான். அம்மா கவலைப்படாமல் என்ன செய்வார்?

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். மருந்து விஷயத்துக்கு வந்தால் உயிருக்கே விளையாட்டாகிவிடும். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் 500 என்று அச்சிட்டிருக்கும். இரத்த அழுத்த மாத்திரை ஒன்றில் 5 என்று இருக்கும். 'தாத்தாவின் மாத்திரை வெறும் 5 பவர்தானே, இன்னொன்று சேர்த்துப் போட்டால் என்ன?' என்று நினைப்போர் உண்டு. அந்த எண்கள் மருந்தின் எடையை மில்லிகிராமில் சொல்பவை. வலிமையைச் சொல்பவை அல்ல. தைராய்டு குறைபாட்டுக்குக் கொடுக்கும் மாத்திரையில் 100 என்று இருந்தால் அது 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. அந்த மருந்துக்கு அவ்வளவே போதும். ஒரு மருந்தின் எண்ணை மற்றொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. 'பவர்' என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால்தான் ஒப்பிடத் தோன்றுகிறது.

அப்படியானால் இந்தச் சொல்லையே ஒதுக்கிவிடலாமா? வேண்டாம். ஒரு சொல் பல துறைகளில் பல பொருள் தருவது எல்லா மொழிகளிலும் உள்ளதே. நம் 'படி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு ஏறுவதும் படி, அரிசி அளப்பதும் படி, பாடத்தைப் படி என்பதும் படி. மாடிப்படியில் யாரும் அரிசி அளப்பதில்லை. சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமன்று. ஒரு துறையின் எண்ணை எடுத்துக்கொண்டு இன்னொரு துறையின் பொருளை அதற்கு ஏற்றுவதே குற்றம்.

இதற்கு நான் சொல்லும் வழி இரண்டு. முதலாவது, அலகைக் கேளுங்கள். வாட்டா, டையாப்டரா, மில்லிகிராமா? நுண்ணோக்கியில் 40 என்றால் அது 40 மடங்கு. அதற்கு அலகே இல்லை. அலகைத் தெரிந்துகொண்டால் அந்தச் சொல் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்துங்கள். இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு, நுண்ணோக்கிக்கு உருப்பெருக்கம், ஆட்சியில் அதிகாரம், மருந்தில் அளவு. இலங்கைப் பாடநூல்களில் திறனை 'வலு' என்பார்கள். அதுவும் அழகான சொல்லே. ஆங்கிலம் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருப்பதை நாம் தனித்தனிப் பெட்டிகளில் வைத்திருக்கிறோம். அந்த வசதியை ஏன் கைவிட வேண்டும்?

'மேற்படிப்பு ஆங்கிலத்தில்தானே, இப்போதே பவர் என்று பழகட்டுமே' என்று சிலர் சொல்லக்கூடும். பவரையும் கற்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? திறன், அடுக்கு, அதிகாரம் என்று முதலில் பிரித்து அறிந்த மாணவனுக்கு, பிறகு ஆங்கிலத்தில் படிக்கும்போது குழப்பம் வராது. நாமும் கவனமாக இருக்க வேண்டும். திறனுக்கும் ஆற்றலுக்கும் விசைக்கும் பொதுவாகச் 'சக்தி' என்று எழுதினால், ஆங்கிலத்தில் உள்ள குழப்பத்தைத் தமிழிலும் உண்டாக்கியவர்கள் ஆவோம்.

இவ்வளவையும் அந்தப் பையனிடம் சொல்லி முடித்தேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவன், மேசைமேல் கிடந்த என் பவர் பேங்க்கைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "சார், இதில் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கிறதே. இது வாட் இல்லையே?" என்றான்.

"இல்லை, அது மின்னூட்டத்தின் அளவு. உள்ளே இருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட் மணி. அது ஆற்றல்" என்றேன்.

"அப்படியானால் இதற்குப் பெயர் ஆற்றல் வங்கி என்றல்லவா இருக்க வேண்டும்?" என்றான்.

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இன்று மாலை நீங்களும் உங்கள் வீட்டில் 'பவர்' என்று சொல்லப்படும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பாருங்கள். அலகு இல்லாத இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "எந்தப் பவர்?"